நாவலை ஏன் வாயால் சொல்லாமல் விரலால் எழுதுகிறேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் நாவல் எழுதுகிறவன். விசைப்பலகையில் தட்டித்தான் எழுதுகிறேன். பேசினால் தானாக எழுத்தாகும் வசதி எல்லோர் கைபேசியிலும் வந்த பிறகு, 'நீங்கள் ஏன் சொல்லி எழுதுவதில்லை?' என்று கேட்காதவர்கள் குறைவு. சிலர் அக்கறையோடு கேட்கிறார்கள், சிலர் தாங்களே எதில் எழுதுவது என்று முடிவெடுக்க முடியாமல் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதிப் பாதியாகச் சொன்னதை எல்லாம் இங்கே முழுதாக எழுதிவைக்கிறேன்.

பேசுவதுதானே வேகம்? தட்டச்சில் நேரம் வீணாகவில்லையா?

பேசுவதுதான் வேகம், அதில் சந்தேகமே இல்லை. ஆங்கிலத்தில் சாதாரணமாகப் பேசுகிறவர் நிமிடத்துக்கு 150 சொல்லை ஒட்டிப் பேசுவார் என்பார்கள், சராசரியாகத் தட்டச்சு செய்கிறவர் 40 சொல் அடிப்பார். தமிழில் சொற்கள் நீளம், வேற்றுமை உருபும் துணைவினையும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்ளும். அதனால் இரண்டு எண்ணுமே குறையும், ஆனால் பேச்சு முந்துவது மட்டும் மாறாது.

சரி, இப்போது என் கணக்கைப் பாருங்கள். நல்ல நாளில் நான் 500 சொல் எழுதுவேன். என் வேகம் நிமிடத்துக்கு 25 சொல் என்று வைத்துக்கொண்டாலும் அந்த 500 சொல்லைத் தட்ட 20 நிமிடம் போதும். ஆனால் நான் உட்கார்ந்திருப்பது மூன்று மணி நேரம். மீதி 160 நிமிடம் எங்கே போகிறது? யோசிப்பதில், எழுதியதைப் படிப்பதில், அடிப்பதில், அந்த அறையில் அந்த நேரத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதில். வாயால் சொன்னால் எனக்கு மிச்சமாகப்போவது அந்த 20 நிமிடத்தில் ஒரு பதினைந்து நிமிடம். நாவல் எழுதுவதில் தாமதம் விரலில் இருந்ததே இல்லை. 70,000 சொல் நாவல் இந்தக் கணக்கில் 140 நாள் ஆகும். அந்த 140 நாளும் நான் அந்தக் கதைக்குள் வசிக்கிறேன், அதைச் சுருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முயன்று பார்க்காமலே சொல்கிறீர்களா?

இல்லை. மூன்று மாதம் முயன்றேன். வலது மணிக்கட்டில் வலி வந்து, மருத்துவர் சில வாரம் தட்டச்சைக் குறைக்கச் சொன்னபோது நானாகவே ஆசையோடுதான் தொடங்கினேன். முதல் வாரம் உற்சாகம் தாங்கவில்லை. ஒரே காலையில் 2,000 சொல், நடந்துகொண்டே. இத்தனை வருடம் ஏன் இதைச் செய்யவில்லை என்றுகூடத் தோன்றியது.

மூன்றாவது வாரத்தில் அச்செடுத்து உட்கார்ந்து படித்தேன். கதை நகர்ந்திருந்தது, சம்பவங்கள் வரிசையாக இருந்தன, ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ஒருவர் எதிரில் உட்கார்ந்து எனக்கு விளக்கிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. 'அவளுக்குக் கோபம் வந்தது, ஏனென்றால்' என்று தொடங்கும் வாக்கியங்கள் ஒரே அத்தியாயத்தில் பதினொன்று. நான் தட்டச்சு செய்யும்போது 'ஏனென்றால்' என்ற சொல் என் கதைசொல்லியின் வாயில் வருவதே அபூர்வம். பேசும்போது எதிரில் கேட்பவர் இருப்பதாக மனம் எடுத்துக்கொள்கிறது, அவருக்குப் புரியவில்லையோ என்று பயந்து எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிவிடுகிறது. அந்த மூன்று மாதத்தில் சொன்ன நான்கு அத்தியாயங்களில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது, அதையும் முதல் வரியிலிருந்து மறுபடி தட்டித்தான்.

விளக்கம் கூடுகிறது என்றால் பிறகு வெட்டிவிடலாமே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். கூடுதல் சொற்கள்தான் பிரச்சினை என்றால் வெட்டினால் முடிந்தது. ஆனால் பிரச்சினை வாக்கியத்தின் எலும்பில் இருந்தது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் எல்லாக் காரணங்களிலும் எனக்கு முக்கியமானது இதுதான்.

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். ஒரு பெயரைப் பற்றிக் கூடுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் அது பெயருக்கு முன்னால், இடப்பக்கம் போய் உட்காரும். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

அவர் கடிதத்தைப் பிரித்தார்.

இதைத் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கடிதம் உடனே பிரிக்கப்பட்டிருக்காது என்று தோன்றுகிறது. சுட்டியை இடப்பக்கம் நகர்த்தி, 'மூன்று நாள் மேசைமேல் கிடந்த' என்று சேர்க்கிறேன். அப்புறம் கடிதம் யாரிடமிருந்து வந்தது என்பது தெரிகிறது. மறுபடி இடப்பக்கம் போகிறேன்:

இனி எழுதவே மாட்டான் என்று நினைத்திருந்த மகனிடமிருந்து வந்து மூன்று நாள் மேசைமேல் கிடந்த கடிதத்தை அவர் பிரித்தார்.

நான் யோசித்த வரிசை ஒன்று, வாசகர் படிக்கும் வரிசை அதற்கு நேரெதிர். எனக்கு முதலில் தோன்றியது பிரிப்பது, கடைசியில் தெரிந்தது மகன். வாசகருக்கோ மகனும் மூன்று நாளும் முதலில் வந்துவிடுகின்றன, 'பிரித்தார்' என்ற சொல்லுக்கு வரும்போது அந்த விரலின் தயக்கம் அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

இதையே வாயால் சொல்லியிருந்தால் என்ன வந்திருக்கும்? 'அவர் கடிதத்தைப் பிரித்தார். மூன்று நாளாக மேசைமேல் கிடந்த கடிதம். மகன் எழுதியது. இனி எழுதவே மாட்டான் என்று நினைத்திருந்தார்.' ஒன்றும் தப்பில்லை, சில இடங்களில் இப்படித்தான் வேண்டும். ஆனால் பேச்சுக்கு இடப்பக்கம் போக வழியே கிடையாது, சொன்னதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே போகத்தான் முடியும். முழு வாக்கியத்தையும் மனத்தில் கட்டி முடித்துவிட்டு வாயைத் திறப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எனக்கு வாக்கியம் அப்படி வருவதில்லை, எழுதும்போதுதான் வாக்கியம் எது என்றே தெரிகிறது. அதனால் நான் சொல்லி எழுதிய நான்கு அத்தியாயங்களும் ஒட்டுப்போட்ட வாக்கியங்களாகவே இருந்தன. அவற்றை வெட்டினால் குட்டையாகும், பின்னல் வராது.

வாக்கியத்தை மனத்தில் கட்டிவிட்டுச் சொல்லப் பழகலாமே?

பழகலாம், பழகியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு தடை இருக்கிறது, அது சோம்பேறித்தனம் இல்லை.

நாம் சொற்களைச் சிறிது நேரம் மனத்தில் வைத்திருப்பது உள்ளே சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்துத்தான். ஒரு தொலைபேசி எண்ணைக் கேட்டுவிட்டு எழுதும் வரை உள்ளே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறோமே, அதுதான். அந்த உள்குரலில் ஏறத்தாழ இரண்டு வினாடிப் பேச்சு அளவுக்குத்தான் இடம் உண்டு என்று நினைவாற்றலை ஆராயும் உளவியலாளர்கள் சொல்கிறார்கள். அதோடு, வாயால் வேறு எதையாவது சொல்லிக்கொண்டிருந்தால் அந்த உள்குரல் தடைபடும், நினைவு குறையும் என்பதையும் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள்.

எழுதுகிறவருக்கு இதன் பொருள் என்னவென்றால், நான் தட்டிக்கொண்டிருக்கும்போது விரல் ஒரு வாக்கியத்தில் இருக்கும், உள்குரல் அடுத்த வாக்கியத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும். விரலுக்குப் பழகிவிட்டதால் அது தன் பாட்டுக்கு வேலை செய்யும். வாயால் சொல்லும்போது அந்த உள்குரலையே வெளியே எடுத்து வேலைக்கு அனுப்பிவிடுகிறேன், அடுத்த வாக்கியத்தைக் கேட்க உள்ளே ஆள் இல்லை. சொல்லி முடித்து நிறுத்தி, மறுபடி உள்ளே போய்க் கேட்டு, மறுபடி வாயைத் திறக்க வேண்டும். அந்த மூன்று மாதமும் நான் உணர்ந்த களைப்பு இதிலிருந்துதான் வந்தது என்று நம்புகிறேன்.

தமிழில் குரல்வழித் தட்டச்சு எப்படி வேலை செய்கிறது?

குறுஞ்செய்திக்கும் குறிப்புக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. கூகுள் 2017 ஆகஸ்டில் தமிழைத் தன் குரல்வழித் தட்டச்சில் சேர்த்தது, அதற்குப் பிறகு வந்த கருவிகள் இன்னும் கூர்மை. கண்பார்வை இல்லாதவர்களுக்கும் கை முடியாதவர்களுக்கும் அது எவ்வளவு பெரிய கதவு என்பதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

நாவலுக்கு வரும்போது இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று ஒலி. நம்மில் பலர் ன, ண வேறுபாட்டையும் ர, ற வேறுபாட்டையும் பேச்சில் காட்டுவதில்லை, ல, ள, ழ மூன்றையும் கலந்துவிடுகிறவர்களும் உண்டு. மனம், மணம். கரை, கறை. வலி, வழி. சூழ்நிலையை வைத்துக் கருவி சரியாக ஊகித்துவிடும், சாதாரண வாக்கியமாக இருந்தால். கதையில் வாக்கியம் சாதாரணமாக இருப்பதில்லை. 'கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்' என்று நான் சொன்னால் அவள் ஆற்றங்கரையில் நிற்கிறாளா, சட்டையில் படிந்த கறையைப் பார்க்கிறாளா என்பது எனக்குத்தான் தெரியும். 'மனம்' வர வேண்டிய இடத்தில் 'மணம்' வந்துவிட்டால் அந்த வாக்கியமும் அழகாகவே இருக்கும், அதுதான் ஆபத்து, திருத்தும்போது கண்ணில் படாது.

இன்னொன்று, ஒற்று. வல்லினம் மிகும் இடத்தில் சேர்ப்பது, மிகாத இடத்தில் விடுவது, எங்கே சேர்த்து எழுதுவது, எங்கே பிரிப்பது எல்லாவற்றையும் கருவியின் முடிவுக்கு விட்டுவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். 'அங்கே கால்புள்ளி, அடுத்த பத்தி' என்று நடுநடுவே சொல்லிக்கொண்டே ஒரு மரணத்தை விவரிக்க என்னால் முடியவில்லை.

கருவி முழுக்கச் சரியாகிவிட்டால்? அப்போது மாறுவீர்களா?

மாட்டேன். கருவியின் தப்பு என் காரணங்களில் சின்னது.

பெரிய காரணம் நடை. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். நான் வாயைத் திறந்தால் 'வந்துட்டான்' என்றுதான் வரும். 'வந்துவிட்டான்' என்று சொல்ல முயன்றால் குரலே மாறிவிடுகிறது, செய்தி வாசிப்பதுபோலவோ மேடையில் பேசுவதுபோலவோ ஆகிவிடுகிறது. அந்தக் குரல் வந்ததும் அதோடு சேர்ந்து மேடைச் சொற்களும் வந்துவிடுகின்றன. நான் சொல்லி எழுதிய அத்தியாயத்தில் ஒரு சின்னப் பையன் வாசற்படியில் 'அமர்ந்திருந்தான்'. நான் தட்டினால் அவன் எப்போதும் 'உட்கார்ந்திருப்பான்'.

நாவலின் கதைசொல்லி பேசுவது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு தமிழ். இலக்கணம் எழுத்துத் தமிழுக்குரியது, மூச்சு பேச்சுத் தமிழுக்குரியது. அந்தத் தமிழை யாரும் வாயால் பேசுவதில்லை, படிக்கும்போது மனத்துக்குள் மட்டும் கேட்கும். நான் அதைப் படித்துப் படித்துக் கண்ணால் கற்றுக்கொண்டேன், எழுதி எழுதிக் கையால் பழகினேன். என் வாய்க்கு அது இன்னும் வரவில்லை.

பெரிய எழுத்தாளர்களே சொல்லி எழுதவைத்திருக்கிறார்களே?

ஆமாம், நிறையப் பேர். இந்தக் கேள்வியை மடக்குவதற்காகக் கேட்பவர்கள் உண்டு, ஆனால் அந்தக் கதைகளை விவரமாகத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு என் பழக்கத்தின் மேல் நம்பிக்கை கூடியது.

தஸ்தயேவ்ஸ்கியிலிருந்து தொடங்கலாம். 1866 நவம்பர் 1க்குள் ஒரு நாவல் கொடுக்காவிட்டால் ஒன்பது வருடத்துக்கு அவர் எழுத்தையெல்லாம் பணம் கொடுக்காமலே வெளியிடும் உரிமை ஒரு பதிப்பாளருக்குப் போய்விடும் என்று ஒப்பந்தம். அக்டோபரில்தான் தொடங்கினார். அன்னா என்ற சுருக்கெழுத்துக்காரர் வந்தார், 26 நாளில் 'சூதாடி' முடிந்தது, அடுத்த வருடம் இருவரும் மணந்துகொண்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அவர் இரவில் எழுதி வைத்துக்கொண்டுதான் பகலில் சொன்னார், அன்னா வீட்டில் விரித்து எழுதிக்கொண்டு வந்ததைத் திருத்தினார் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. வெறும் வாயிலிருந்து கொட்டியதில்லை அது.

ஹென்றி ஜேம்ஸுக்கு மணிக்கட்டு வலி. 1897 வாக்கில் சொல்லி எழுதவைக்கத் தொடங்கினார், பிறகு நேராகத் தட்டச்சுப்பொறிக்கே சொன்னார், கடைசிவரை அப்படித்தான். அவருடைய பிற்கால வாக்கியங்கள் எவ்வளவு நீண்டு வளைந்து போகின்றன என்பது படித்தவர்களுக்குத் தெரியும். 1907 முதல் அவருக்குத் தட்டச்சு செய்த தியோடோரா போசன்கே தன் நினைவுக்குறிப்பில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறார்: சிறுகதையோ நாடகமோ, அளவு மீறக்கூடாது என்று நினைத்தால் ஜேம்ஸ் தன் கையாலேயே எழுதுவாராம். கை வலிக்கும், அதனால் வளவளப்பு குறையும் என்ற எண்ணம். சொல்லி எழுதவைப்பதை விரும்பிச் செய்தவரே அதன் குணத்தை எவ்வளவு தெளிவாகத் தெரிந்து வைத்திருந்தார் பாருங்கள்.

அகதா கிறிஸ்டி 1952இல் மணிக்கட்டை உடைத்துக்கொண்ட பிறகு குரல் பதியும் கருவிக்கு மாறினார். தன் குரலைத் தானே கேட்பது கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது, ஆனால் அது மிதமிஞ்சிப் பேசவைக்கிறது என்று தன் வரலாற்றில் சொல்கிறார். மார்க் ட்வைன் 1891இல் கையில் வாதம் என்று ஃபோனோகிராஃப் என்ற அந்தக் காலத்து ஒலிப்பதிவுக் கருவியின் உருளைகளில் ஒரு நாவலைச் சொல்லத் தொடங்கி, டஜன் கணக்கில் உருளைகளை நிரப்பிவிட்டு, இதில் இலக்கியம் எழுத முடியாது என்று விட்டுவிட்டார். அதே ட்வைன் 1906இல் தன் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கெழுத்தாளரிடம் ஆனந்தமாகச் சொன்னார். நினைவுகளைப் பேசுவதற்கும் கதையை இல்லாததிலிருந்து உண்டாக்குவதற்கும் இருக்கும் தூரம் அந்த ஒரே மனிதரின் இரண்டு அனுபவத்தில் தெரிகிறது.

எதிர்ப்பக்கமும் வலுவானதுதான், மறைக்க விரும்பவில்லை. ஸ்டெந்தால் 1838இல் ஒரு பெரிய நாவலை 52 நாளில் சொல்லி முடித்தார், அது இன்றும் நிற்கிறது. பெரி மேசன் கதைகளை எழுதிய எர்ல் ஸ்டான்லி கார்ட்னரும், 700க்கும் மேல் புத்தகம் போட்ட பார்பரா கார்ட்லண்டும் வாயால்தான் எழுதினார்கள். ரிச்சர்ட் பவர்ஸ் படுக்கையில் சாய்ந்துகொண்டு கணினியிடம் நாவல் சொன்னதைப் பற்றி 2007இல் அருமையான கட்டுரை எழுதியிருக்கிறார். கெவின் ஜே. ஆண்டர்சன் மலையேறிக்கொண்டே சொல்கிறார். இவர்களைப் படித்துவிட்டு 'முடியாது' என்று நான் சொன்னால் அது பொய். எனக்கு வேண்டிய வாக்கியம் அந்த வழியில் எனக்கு வருவதில்லை என்றுதான் சொல்கிறேன்.

வியாசர் சொல்ல விநாயகர் எழுதினாரே, அதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

அந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும், கேட்டதற்கு நன்றி. விநாயகர் ஒரு நிபந்தனை போடுகிறார்: என் எழுத்தாணி நிற்கக்கூடாது, நீங்கள் நிறுத்தாமல் சொல்ல வேண்டும். வியாசர் பதிலுக்கு ஒன்று போடுகிறார்: சரி, பொருள் புரிந்துகொள்ளாமல் எதையும் எழுதக்கூடாது. அப்புறம் நடுநடுவே முடிச்சுப் போட்ட சுலோகங்களைச் சொல்கிறார். விநாயகர் யோசிக்க நின்ற நேரத்தில் வியாசர் அடுத்ததைக் கட்டிக்கொள்கிறார்.

அதாவது, அவருக்கே நிறுத்தி யோசிக்க நேரம் வேண்டியிருந்தது, அதைத் தந்திரமாகத்தான் வாங்க வேண்டியிருந்தது. எனக்குத் திரையில் மின்னிக்கொண்டிருக்கும் சுட்டி அந்த நேரத்தைக் கேட்காமலே கொடுக்கிறது. அது முப்பது நிமிடம் மின்னினாலும் யாருக்கும் அவசரமில்லை.

உரையாடல்களையாவது சொல்லி எழுதலாமே?

செய்கிறேன், ஒரு அளவுக்கு. இரண்டு பேர் சண்டை போடும் இடம் விரலில் வராமல் அடம்பிடித்தால் எழுந்து நடந்துகொண்டே இரண்டு பேராகவும் பேசிப் பதிந்துகொள்வேன். பேச்சுத் தமிழ் பேச்சிலேயே வரட்டும் என்பதுதான். ஆனால் அதை அப்படியே எழுத்தாக மாற்ற எந்தக் கருவிக்கும் கொடுப்பதில்லை. ஒருமுறை கேட்பேன், மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து தட்டுவேன். நினைவில் நிற்காத வரிகள் பெரும்பாலும் தேவையில்லாதவைதான்.

பேனாவால் எழுதுவது?

கவிதையும் குறிப்பும் பேனாவில்தான். நாவலுக்கு ஒத்துவரவில்லை, மேலே சொன்ன இடப்பக்கச் சேர்க்கைதான் காரணம். என் காகிதத்தில் ஒரு பத்தி மூன்றாவது திருத்தத்தில் யாருக்கும், எனக்குமே, படிக்க முடியாமல் போய்விடும்.

எந்த விசைப்பலகை பயன்படுத்துகிறீர்கள்?

தமிழ்99. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறையில்தான் பல வருடம் எழுதினேன். அதில் எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது, 'அம்மா' என்று எழுதுவதற்கு மனத்தின் ஒரு மூலையில் ஆங்கில எழுத்துகளைக் கோக்க வேண்டியிருந்தது. தமிழ்99இல் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டினால் புள்ளி தானாக வைத்து 'அம்மா' வந்துவிடும். 247 எழுத்தையும் சிறிய பலகைக்குள் அடக்கிவிட்ட அந்த யோசனையை நினைத்தால் இன்றும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். பழக எனக்கு மூன்று வாரம் ஆனது, முதல் வாரம் கொடுமை. நீங்கள் பாமினியிலோ பழைய தட்டச்சு முறையிலோ ஏற்கெனவே வேகமாக அடிக்கிறீர்கள் என்றால் மாற வேண்டிய அவசியமே இல்லை. விரலை மறந்துவிட்டு எழுத முடிகிறதா என்பது ஒன்றுதான் கேள்வி.

கை வலி திரும்ப வந்ததா?

வந்தது, லேசாக. இப்போது மணிக்கட்டு மேலேயோ கீழேயோ வளையாமல் நேராக இருக்கும்படி விசைப்பலகையைத் தாழ்வாக வைத்திருக்கிறேன். அரை மணிக்கு ஒருமுறை எழுந்துவிடுவேன். விரலை ஓங்கிக் குத்தும் பழக்கத்தை விட்டேன், அதுதான் பாதி வலிக்குக் காரணமாக இருந்தது. கட்டைவிரலோ ஆள்காட்டி விரலோ மரத்துப்போவது, இரவில் கூசுவது இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதை ஆரம்பத்திலேயே கவனித்தால் எளிது. வலியோடு எழுதுவதில் எந்தப் பெருமையும் கிடையாது, அப்படிப்பட்ட நாளில் தாராளமாகச் சொல்லி எழுதுங்கள்.

எழுதி முடித்ததை வாய்விட்டுப் படிப்பீர்களா?

கட்டாயம். ஒவ்வொரு அத்தியாயத்தையும் இரண்டு தடவையாவது. மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தில் ஏதோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஒரே ஓசை அடுத்தடுத்து வருவது, 'கொண்டிருந்தான், கொண்டிருந்தாள்' என்று வரிசையாக முடிவது எல்லாம் கண்ணுக்குத் தப்பினாலும் காதுக்குத் தப்பாது. வாயை நான் ஒதுக்கவில்லை, அதன் முறை பிறகு வருகிறது, அவ்வளவுதான்.

நான் இப்போதுதான் முதல் நாவல் தொடங்குகிறேன். எதில் எழுதட்டும்?

ஒரே காட்சியை இரண்டு முறையிலும் எழுதிப் பாருங்கள். பெரிய காட்சி வேண்டாம், ஒருவர் ஒரு அறைக்குள் வந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டு போகிறார், அது போதும். ஒரு நாள் சொல்லி, இரண்டு நாள் கழித்து முதலாவதைப் பார்க்காமல் தட்டி. இரண்டையும் ஒரு வாரம் மூடிவைத்துவிட்டு அச்செடுத்துப் படியுங்கள். எது வேகமாக முடிந்தது என்று பார்க்காதீர்கள். அந்த ஆள் எதில் மூச்சுவிடுகிறார் என்று பாருங்கள். சொன்னதில் என்றால் சொல்லுங்கள், நான் எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். கதையே ஓடாமல் வெள்ளைத் திரையைப் பார்த்துப் பயந்து நிற்கிறவர்களுக்கும் முதல் வரைவைச் சொல்லிப் பார்ப்பது நிஜமாகவே உதவும், அப்படி மீண்டவர்களை எனக்குத் தெரியும்.

ஒருநாள் கையே முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்?

இதை யோசிக்காமல் இல்லை. ஆங்கில நாவலாசிரியர் டெர்ரி பிராட்செட்டுக்கு 2007இல் மறதிநோயின் ஒரு வகை கண்டுபிடிக்கப்பட்டது, அது முதலில் பறித்துக்கொண்டவற்றில் தட்டச்சும் ஒன்று. உதவியாளரிடமும் கணினியிடமும் சொல்லிச் சொல்லி அதற்குப் பிறகும் நாவல்கள் எழுதினார். ஆங்கிலக் கவிஞர் மில்டன் பார்வை போன பிறகு இரவெல்லாம் மனத்தில் வரிகளைக் கட்டி வைத்துக்கொண்டு காலையில் எழுத வரும் ஆளுக்காகக் காத்திருப்பாராம். அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் பார்வை மங்கியதும் யாப்புக் கவிதைக்கு அதிகம் திரும்பினார், யாப்பு இருந்தால் மனத்தில் நிற்கும், சொல்லி எழுதவைக்கலாம். ஒவ்வொருவரும் இழந்ததற்கு ஏற்ப எழுத்தின் வடிவத்தையே மாற்றிக்கொண்டார்கள்.

எனக்கு அந்த நாள் வந்தால் கருவியிடம் சொல்லமாட்டேன், ஒரு ஆளிடம் சொல்வேன். வேகமாக எழுதுகிறவர் வேண்டாம், பொறுமையானவர் வேண்டும். ஒரு வாக்கியம் சொல்வேன், திருப்பிப் படிக்கச் சொல்வேன். 'கடிதத்தை' என்ற சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விடுங்கள் என்பேன். அப்புறம் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருப்போம், அங்கே என்ன வர வேண்டும் என்று எனக்குத் தெரியும் வரை.